மணத்துக்கு ஏது ஆண்பால், பெண்பால்?

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் வெயில் சாய்கிற நேரம்தான் அத்தர் கடைகளுக்கு நல்ல நேரம். சுற்றுலாப் பயணிகள் திரும்பிப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். பேரம் சீக்கிரம் படியும். கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக நிற்கும் குப்பிகளில் சந்தனம், மல்லிகை, தாமரை, கஸ்தூரி என்று ஆங்கிலத்தில் ஒட்டிய பெயர்கள். என் மலையாளத்தின் முதல் வாக்கியத்திலேயே கடைக்காரர் "தமிழா?" என்று கேட்டுவிட்டார். பிறகு என் மணிக்கட்டைத் திருப்பி, ஒரு குப்பியின் கண்ணாடித் தண்டால் சின்னதாக ஒரு கோடு இழுத்தார். கறுப்பை நெருங்கிய பழுப்பு எண்ணெய். முகர்ந்ததும் எனக்கு மாட்டுத் தொழுவம்தான் ஞாபகம் வந்தது.

"அவசரப்படாதீங்க. அரை மணி கழிச்சுப் பாருங்க" என்றார். எண்ணெயின் பெயர் ஊத்.

இது ஆண்களுக்கா, பெண்களுக்கா என்று கேட்டேன். கேள்வி புரியாதவர்போல் என்னைப் பார்த்தார். "ராத்திரிக்கு" என்றார்.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் என் பையில் இருந்த ஒரு தாள். ஒரு விளம்பர நிறுவனம், பெயர் வேண்டாம், ஒரு வாசனைத் திரவியத்துக்கான ஆங்கில வாசகத்தைத் தமிழாக்கித் தரும்படி கேட்டிருந்தது. மாலை விருந்துக்கு உகந்தது, நகைபோல் கனமானது, ஆணும் பெண்ணும் அணியலாம், அணிபவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் அவர் உள்ளே வந்தால் அறையே திரும்பிப் பார்க்கும். ஏறக்குறைய இதுதான் விஷயம். எளிது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

முதல் இடறல் 'ஆபுலன்ட்' என்ற சொல். 'ஆடம்பரமான' என்று எழுதினால் கல்யாணத்துக்கு அளவுமீறிச் செலவு செய்தவரைக் குத்திக்காட்டுவதுபோல் ஒலிக்கிறது. 'பகட்டான' என்பது நேரடி வசவு. 'செழிப்பான' என்றால் நஞ்சை நிலம். செல்வத்தைப் புகழத் தமிழில் ஏராளமான சொற்கள் உண்டு. செல்வத்தை வெளியே காட்டிக்கொள்வதைப் புகழத்தான் கை நீளமாட்டேன் என்கிறது. இரண்டாவது இடறல் 'யுனிசெக்ஸ்'. 'இருபாலருக்கும்' என்று எழுதி அனுப்பினேன். நிறுவனத்து இளைஞர் ஒருவர் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: படித்தால் மேல்நிலைப் பள்ளியின் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது. அவர் சொன்னது சரிதான்.

எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்த நன்னூல் இந்தச் சமயத்தில்தான் உதவிக்கு வந்தது. தமிழ் இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் என்ற பிரிவு உயர்திணைக்கு மட்டுமே. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்று எண்ணிக்கைதான் கணக்கு. அத்தர் சந்தேகமில்லாமல் அஃறிணை. ஹிந்தியில் இப்படித் தப்பிக்க முடியாது. அங்கே ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. 'இத்ர' ஆண்பால், 'குஷ்பூ' பெண்பால். (பின்னதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) தமிழில் அந்தச் சொல் இல்லாதது வறுமையால் அல்ல, தேவைப்படாததால் என்று எனக்குத் தோன்றியது. இது மொழிபெயர்ப்பாளரின் சப்பைக்கட்டா, உண்மையா என்று பார்க்க மட்டாஞ்சேரியைவிட நல்ல இடம் கிடையாது.

ஏனென்றால் இந்த ஊர் பிழைத்ததே மணத்தால்தான். 1341இல் பெரியாற்று வெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தை மண்மூடச் செய்து கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பார்கள். அதன்பின் வந்த அரபு வணிகர், யூதர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், குஜராத்திகள் எல்லோரும் மூக்கைப் பின்பற்றி வந்தவர்கள்தான். பஜார் சாலையின் பழைய கிடங்குகளைக் கடந்தால் இன்றும் சுக்கும் மிளகும் முகத்தில் அடிக்கும். எலுமிச்சை மணம் வீசும் தெருவைப்புல்லிலிருந்து வடித்த எண்ணெய் பெரும்பாலும் இங்கிருந்தே கப்பலேறியதால், உலகச் சந்தையில் அதற்குக் 'கொச்சின் ஆயில்' என்றே பெயர். அந்த எண்ணெயில் இருக்கும் சிட்ரால் என்ற பொருளிலிருந்து 1893இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் 'அயனோன்' என்ற செயற்கை வாசனையைத் தயாரித்தார்கள். வயலட் பூவின் மணம் அதில் இருந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைக்குட்டையில் மணத்த வயலட்டுக்குப் பின்னால் எர்ணாகுளம் பக்கத்துப் புல் இருந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாவூருக்கு அருகே ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே 1951இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

ஊத் என்பது வேறு எதுவுமில்லை, நம் அகில். மரம் ஆரோக்கியமாக இருக்கும்வரை அதற்குச் சொல்லும்படியான மணம் கிடையாது. வெளுத்த, லேசான, ஒன்றுக்கும் உதவாத கட்டை. தண்டைப் புழு துளைக்க வேண்டும், அந்தக் காயத்தில் பூஞ்சை புக வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ள மரம் ஒரு கரிய பிசினைச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தப் பிசின் ஊறி, கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனத்தபின் கிடைப்பதுதான் அகில். இந்தியாவில் இந்த வியாபாரத்தின் தலைநகரம் அஸ்ஸாமின் ஹோஜாய். அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. உயர்ந்த ரகம் கிலோ பல லட்ச ரூபாய். அதே மரத்தின் பட்டையில்தான் அஸ்ஸாமியர்கள் ஒரு காலத்தில் ஏடுகள் எழுதினார்கள்.

மட்டாஞ்சேரிக் கடைகளில் 'ராத்திரிக்கு' என்று எடுத்துத் தரும் இன்னொன்று ஷமாமா. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செப்புப் பானையில் வடிப்பது. இதன் பட்டியலைக் கேட்டால் வாசனைத் திரவியமா, பிரியாணியா என்று சந்தேகம் வரும்: ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கோரைக்கிழங்கு, குங்குமப்பூ, செட்டிநாட்டுச் சமையலறையில் இருக்கும் அதே கல்பாசி. எல்லாம் சந்தன எண்ணெயில் இறங்கி அடங்கும். குளிர்காலத்து இரவுகளுக்கு வட இந்திய முஸ்லிம் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் பூசுவது. அத்தரில் ஆல்கஹால் கிடையாது என்பதால் தொழுகைக்கும் தடையில்லை. வெள்ளிக்கிழமைகளில் செம்பிட்டப் பள்ளி பக்கம் போனால், காது மடிப்பில் அத்தர் நனைத்த பஞ்சைச் செருகிய பெரியவர்களை இன்றும் பார்க்கலாம்.

ஏன் இரவுக்கு? காரணம் வேதியியல். எலுமிச்சை, ஆரஞ்சு வகையறாக்களின் மூலக்கூறுகள் லேசானவை. பூசிய பத்து நிமிடத்தில் பறந்துவிடும். சந்தனமும் அகிலும் கனமானவை. தோலோடு கிடந்து மெல்ல மெல்லக் கிளம்பும். கொச்சியின் மதிய வெயிலில், அதுவும் வியர்வையோடு, அவை ஒரேயடியாக எழும்பிப் பக்கத்தில் நிற்பவரை மூச்சுமுட்ட வைக்கும். மாலைக் காற்றில்தான் அடக்கமாக நடந்துகொள்ளும். செடிகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். மல்லிகையும் நிசாகந்தியும் மாலைக்கு மேல் மணப்பது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக, நமக்காக அல்ல.

ஆண் வாசனை, பெண் வாசனை என்ற பிரிவினை ஐரோப்பாவிலேயே அண்மைக்கால விவகாரம்தான். 1709இல் கொலோன் நகரில் பிறந்த 'ஒடிகொலான்' எல்லோருக்குமானது. நெப்போலியன் அதில் குளிக்காத குறைதான். இருபதாம் நூற்றாண்டில் விளம்பரத் தொழில் வளர்ந்தபோதுதான் குப்பிகள் தனித்தனி அலமாரிகளுக்குப் போயின. 1928இல் வந்த 'ஈவ்னிங் இன் பாரிஸ்' பெண்களுக்கு. அதன் நீலக் குப்பி நம் ஊர் பீரோக்களிலும் இருந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை 'ஓல்டு ஸ்பைஸ்'. ஆண்மையின் அடையாளமாக விற்கப்படும் இந்தச் சரக்கு, 1937இல் முதலில் பெண்களுக்காகத்தான் கடைக்கு வந்தது. ஆண்களுக்கானது அடுத்த ஆண்டுதான். பிரித்தவர்களே 1994இல் 'சிகே ஒன்' என்ற பெயரில் ஒட்டவைத்து, அதைப் புரட்சி என்றார்கள். 2007இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டு 'ஊத் வுட்' கொண்டுவந்தார். ஆணும் பெண்ணும் அணியலாம் என்றார்கள். வளைகுடாவில் சமையல் வேலைக்குப் போய்வந்த எந்த மலப்புரத்துக்காரரைக் கேட்டாலும் அதை முப்பது வருஷம் முன்பே சொல்லியிருப்பார்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பழைய இலக்கியத்தைப் புரட்டினால் சந்தனம் வீரனின் மார்பிலும் இருக்கிறது, தலைவியின் மார்பிலும் இருக்கிறது. அகில் புகை பெரும்பாலும் பெண்களின் ஈரக் கூந்தலுக்குத்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பொருளைப் பிரித்தார்களே தவிர வாசனையைப் பிரிக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகர வீதியில் சாந்தும் சுண்ணமும் விற்றவர்கள் வாங்குபவரிடம் பால் விசாரித்ததாக இளங்கோ சொல்லவில்லை. அதே காப்பியத்தில் கீழ்க்காற்றோடு தொண்டியிலிருந்து வந்த கப்பல்கள் அகிலையும் கற்பூரத்தையும் சுமந்து வருகின்றன. இது முக்கியமான தகவல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளகில் வேறு மரம். கறுப்பு அகில் அன்றும் கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு.

நக்கீரரின் நெடுநல்வாடையில் ஒரு காட்சி உண்டு. அடைமழையில் சூரியன் தெரியவில்லை, மாலை எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டில் வைத்திருந்த பிச்சி அரும்புகள் அவிழ்ந்து மணந்ததும் பெண்கள் பொழுதறிந்து விளக்கேற்றுகிறார்கள். குளிர் தாங்காமல் சந்தனக் கல் சும்மா கிடக்க, அகிலைப் புகைக்கிறார்கள். அரசி காத்திருக்கிறாள், அரசன் பாசறையில் தூக்கமின்றி, காயம்பட்ட வீரர்களைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறான். தமிழ் மரபில் மாலை என்பது முல்லைக்குரிய பொழுது, காத்திருப்பவர்களின் நேரம். விளம்பர வாசகத்தின் மாலையோ அறைக்குள் நுழைந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைப்பவர்களின் நேரம். இந்த இரண்டு மாலைகளுக்கும் இடையில்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

யூதத் தெருவில் நின்று அகிலைப் பற்றி யோசிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹீப்ரு வேதத்தில் 'அஹாலிம்' என்றொரு நறுமணப் பொருள் வருகிறது. 1856இல் வெளியான ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதைத் தமிழ்-மலையாள 'அகில்' என்ற சொல்லோடு பொருத்தினார். சமஸ்கிருத 'அகரு'வைச் சொல்பவர்களும் உண்டு, வழக்கு முடிந்தபாடில்லை. எப்படியானாலும் இந்தியச் சரக்கு, இந்தியப் பெயர். சங்கீதத்தில் அது அரசனின் அங்கியில் மணக்கிறது. உன்னதப்பாட்டில் காதலியை வருணிக்கும் தோட்டத்தில் மணக்கிறது. நீதிமொழிகளில் இளைஞனை மயக்கும் பெண்ணின் படுக்கையில் மணக்கிறது. ஒரே பொருள், மூன்று இடம். நம் தமிழ் பைபிளில் இந்த இடங்களில் 'சந்தனம்' என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும், ஊரைவிட்டுப் போன பிள்ளை பல நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தபோது வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி ஒரு சங்கடம்.

1568இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இந்தத் தெருவின் கோடியில் நிற்கிறது. யூதர்களிடம் மாலைக்கென்றே ஒரு வாசனைச் சடங்கு உண்டு. ஓய்வுநாள் முடியும் சனிக்கிழமை இரவு, நட்சத்திரங்கள் தெரிந்தபின், கிராம்பு, பட்டை போன்ற நறுமணப் பொருள்கள் வைத்த சின்னப் பெட்டியைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் முகர்ந்து கைமாற்றுவார்கள். ஓய்வுநாளில் மனிதனுக்குக் கூடுதலாக ஓர் ஆன்மா கிடைக்கிறது, அது விடைபெறும்போது ஏற்படும் சோர்வுக்கு இந்த மணம் ஆறுதல் என்பது நம்பிக்கை. அப்பா, அம்மா, மகன், மகள் எல்லோர் மூக்குக்கும் அதே பெட்டி.

அந்தப் பெட்டியைக் கைமாற்ற இங்கே இன்று ஆளில்லை. 1950களில் இஸ்ரேலுக்குப் புறப்பட்டவர்கள் புறப்பட்டார்கள். பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் காலமானார். மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர்களில் கடைசிப் பெண்மணி என்று சொல்லப்பட்ட குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் போய்ச்சேர்ந்தார். அவர்கள் வசித்த வீடுகள் பலவற்றில் இப்போது கலைப்பொருள் கடைகள், காஷ்மீர் சால்வைகள், அத்தர் குப்பிகள்.

குப்பிகளில் இருப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அசல் சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டால் 10 மில்லியில் எண்ணெய் விலை மட்டுமே ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கும். தெருவில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'அசல் மைசூர் சந்தனம்' எதுவாக இருக்கும் என்று வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். சந்தனத்துக்குப் பதில் கன்னோஜிலேயே பல பட்டறைகள் திரவ பாரபினுக்கு மாறிவிட்டன. இங்கிருந்து மலையேறினால் மறையூர். கேரள வனத்துறை சந்தன மரங்களைக் காவல் போட்டுக் காக்கிறது. காட்டு அகிலின் நிலை இன்னும் மோசம். 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு இருந்தும், 2018இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று அறிவித்தார்கள். எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாததால் பத்தை வெட்டி ஒன்றில் பார்க்கிறார்கள். கஸ்தூரி என்று எழுதிய குப்பியில் கஸ்தூரி கிடையாது. இருந்தால் விற்பவர் 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி சிறைக்குப் போக வேண்டும். போலி என்று கோபப்படுவதா, மான் பிழைத்தது என்று சந்தோஷப்படுவதா? நான் இரண்டாவது கட்சி.

அரை மணி கழித்து மணிக்கட்டை முகர்ந்தேன். தொழுவம் போயிருந்தது. அந்த இடத்தில் பழைய மரப்பெட்டி, தேன், கொஞ்சம் புகை. இதை அணிபவர் எப்படிப்பட்டவர்? கம்பீரமானவர், மர்மமானவர், குறைவாகப் பேசுபவர் என்கிறது என் தாள். கடையில் எனக்கு முன்னால் அதே குப்பியை முகர்ந்த ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். வாசனை ஒருவரின் குணத்தைச் சொல்லும் என்பதை நான் நம்பவில்லை. மூக்கிலிருந்து வரும் செய்தி மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்குவழியில் போய்ச்சேருகிறது என்கிறார்கள். ஆக, அது பூசியவரைப் பற்றிச் சொல்வதைவிட, முகர்பவருக்கு யார் ஞாபகம் வருகிறார் என்பதைத்தான் சொல்லும்.

எனக்கு ஞாபகம் வந்தவர் பெரியப்பா. நாகர்கோவிலில் கோட்டாறு பக்கம் வீடு. பள்ளிக்கூட வாத்தியார். மாலையில் குளித்துவிட்டு, ஒரு சின்ன டப்பாவிலிருந்து ஜவ்வாதை விரல் நுனியில் தொட்டு காதுக்குப் பின்னாலும் மார்பிலும் தடவிக்கொள்வார். அதே டப்பாவைப் பெரியம்மாவும் எடுப்பாள். புனுகுப் பூனையிடமிருந்து வரும் சரக்கு அது என்பதோ, 'ஜபாத்' என்ற அரபுச் சொல்தான் ஜவ்வாது ஆனது என்பதோ இருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. வீட்டில் ஒரே டப்பா, அவ்வளவுதான்.

பெரியப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியம்மாவுக்குப் பூ போயிற்று, குங்குமம் போயிற்று, மஞ்சள் போயிற்று, சாயப் புடவை போயிற்று. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஜவ்வாது மணந்தது. வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்கும் மணந்திருக்க வேண்டும். என்ன இது என்பதுபோல் பார்த்தாள். ஆனால் என்னவென்று தடுப்பது? இது பூவைப்போலப் பொம்பளை அலங்காரம் என்று சொல்ல முடியாது. பெரியப்பா பூசியதை ஊரே அறியும்.

பெரியம்மா "அவுக டப்பாதான்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. டப்பா தீர்ந்தபோது புதிது வாங்கிக் கொடுத்தது என் அம்மா.

வாசகத்தைத் திருத்தி எழுதி விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பினேன். 'ஆபுலன்ட்'டுக்குப் பல நாள் யோசித்து 'கனத்த' என்று போட்டேன். 'இருபாலருக்கும்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'மாலைக்கு' என்று மட்டும் வைத்தேன். ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது என்று அந்த இளைஞர் தொலைபேசியில் சொன்னார். விட்டுப்போகவில்லை, வேண்டாம் என்றுதான் விட்டேன் என்றேன். அவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அச்சில் 'யுனிசெக்ஸ்' என்றே வந்தது.